அதே கார்தானா?

1963ஆம் ஆண்டின் செவ்ரோலே கொர்வெட் ஒன்று முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வந்திருக்கிறது என்று கொள்வோம். பின்பக்கக் கண்ணாடியை நடுவே ஒரு பட்டி இரண்டாகப் பிரிக்கும் அந்த மூடிய உடல் அந்த ஓராண்டில் மட்டுமே செய்யப்பட்டது; அடுத்த ஆண்டே கண்ணாடி ஒன்றாகிவிட்டது. அதனால் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களை நேசிப்பவர்கள் அதற்குப் பெருந்தொகை கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். விற்பவர் வண்டியைக் கடைசி ஆணிவரை கழற்றியிருப்பார். கண்ணாடியிழை உடலின் பழைய வர்ணம் சுரண்டப்பட்டு, வெடிப்புகள் நிரப்பப்பட்டிருக்கும். செசியில் துருவேறிய பகுதிகள் வெட்டப்பட்டுப் புது இரும்பு ஒட்டப்பட்டிருக்கும். வயர்கள், பிரேக் குழாய்கள், இருக்கை உறைகள், கதவு ரப்பர்கள் எல்லாம் புதியவை. எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மாறியிருக்கும். சில வேளை எஞ்சினே வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கும். இத்தனைக்கும் பிறகு விற்பனை அறிவித்தலில் 1963 என்றே எழுதப்படுகிறது. அது உண்மையா? உண்மையென்றால், எதனால் உண்மை?

இதைக் கார்ப் பிரியர்களின் பொழுதுபோக்குச் சர்ச்சை என்று ஒதுக்க முடியாது. உடம்பு நாளுக்கு நாள் மாறியும் ஆள் ஒருவரே என்று எப்படிச் சொல்கிறோம்; கூரை, சுவர், சில இடங்களில் மூர்த்தம்கூட மாறிய பின்னும் அதே கோயில் என்று எப்படிக் கும்பிடுகிறோம்: இவையும் அதே கேள்விதான். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில், கல்முனை வீதியோரம் இருக்கிறது செட்டிபாளையம். அந்த வீதிக்குரிய வண்டி அல்ல கொர்வெட். எட்டாம் தலைமுறை வரும்வரை தொழிற்சாலை அதை இடப்பக்க ஸ்டியரிங்குடன் மட்டுமே செய்தது. ஆனால் அந்த வண்டி எழுப்பும் கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல. அதற்கு இந்த ஊர்கள் வாயால் சொல்லாமல் வழக்கத்தால் கொடுத்துவந்த விடை, சில தத்துவ நூல்கள் தரும் விடையைவிட உறுதியானது என்று நான் நினைக்கிறேன்.

நூல்கள் சொல்வதை முதலில் பார்க்கலாம். நாகசேனத் தேரருக்கும் கிரேக்க அரசன் மிலிந்தனுக்கும் நடந்த உரையாடலைப் பாளி மரபு காத்து வைத்திருக்கிறது. தேரில் வந்த அரசனிடம் தேரர் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்ததற்கு அப்பால் தேர் என்று ஒன்று இருக்கிறதா? அதுவும் இல்லை. தேர் என்பது உறுப்புகள் கூடியிருக்கும்போது உலகம் இட்டு வழங்கும் பெயர். மனிதரும் அப்படியே என்பது அவர் முடிவு. நியாய தத்துவ மரபினரான நையாயிகர் இதற்கு எதிர்த்திசையில் போனார்கள்: உறுப்புகளுக்கு வேறாக முழுப்பொருள் ஒன்று மெய்யாகவே உண்டு என்றார்கள். அந்த நிலைக்கு ஒரு விலையும் கொடுத்தார்கள். ஓர் உறுப்புப் போனால் பழைய முழுப்பொருள் அழிந்து புதியது பிறக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதன்படி டயர் மாற்றிய மறுகணமே பழைய கார் இல்லை. சைவ சித்தாந்தம் வேறொரு வழியில் போகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரின் கணபங்க வாதத்தை மறுக்கிறார். ஒவ்வொரு கணமும் எல்லாம் அழிந்து புதிதாகத் தோன்றுமானால் நேற்றுக் கண்டதை இன்று நினைப்பவர் யார் என்பது அந்த மறுப்பின் சாரம். நினைவு தொடர்வதால் அறிபவரும் தொடர்கிறார்.

ஆளுக்குப் பொருந்தும் இந்த வாதம் காருக்கு நேரே பொருந்தாது. காருக்கு நினைவு கிடையாது. ஆயினும் சித்தாந்தி காட்டிய திசை சரியானது என்றே கருதுகிறேன். ஒன்றாய்த் தொடர்வதை அவர் உறுப்புகளில் தேடவில்லை, நினைவில் தேடினார். காரின் நினைவைக் கார் சுமக்க முடியாது. அதைச் செய்தவர், ஓட்டியவர், திருத்தியவர், விற்றவர் என்று மற்றவர்கள்தான் சுமக்க வேண்டும். நினைவு பிறர் கையில் இருக்கும்போது, ஒன்றாய் இருத்தல் என்பதும் பிறர் கையில் போகிறது. அவர்கள் அதை உண்மையாகக் கையளித்தால் 1963ஆம் ஆண்டின் கார் இன்றும் 1963ஆம் ஆண்டின் கார். இடையில் ஒருவர் மறைத்தால், மாற்றினால், எத்தனை மூல உறுப்புகள் மிஞ்சியிருந்தாலும் அந்தத் தொடர்ச்சி அறுகிறது. ஆகவே புதுப்பித்த பொருள் அதே பொருளா என்ற கேள்வி, உலோகத்தைப் பற்றிய கேள்வியாவதற்கு முன்னர் வாய்மையைப் பற்றிய கேள்வி. என் வாதம் இதுதான்.

இதற்கு நெருங்கிய முடிவுக்கு ஒரு நீதிமன்றமும் வந்திருக்கிறது. 1929இலும் 1930இலும் லு மான் ஓட்டத்தில் வென்ற பென்ட்லி கார் ஒன்று பழைய முதலாம் இலக்கம் என்று பெயர் பெற்றது. அது பின்னர் பலமுறை மாற்றப்பட்டது. பெரிய எஞ்சின் ஏறியது. 1932இல் புரூக்லாண்ட்ஸ் ஓட்டத்தில் நொறுங்கியது, ஓட்டியவர் உயிரிழந்தார். பின் வேறொரு உடலோடு எழுந்தது. 1990இல் அதை ஒரு கோடி ஸ்ரேர்லிங் பவுணுக்கு விற்க உடன்பாடாகி, வாங்க வந்தவர்கள் இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கினார்கள். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம் போனது. லு மானில் ஓடிய உறுப்புகளில் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன என்பதை நீதிபதி ஒட்டன் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கார் எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போகவில்லை, படிப்படியாக மாறியதே அதன் வரலாறு, அந்த வரலாறு அறியப்பட்டது என்பதால் அது அந்தக் காரே என்று தீர்த்தார். உறுப்புகளின் கணக்கைக் காட்டிலும் அறுபடாத வரலாறு பெரிதாக எடைபோடப்பட்டது.

இனி இந்தக் கரையின் வழக்கத்துக்கு வருவோம். செட்டிபாளையத்தில் கண்ணகி அம்மன் கோயில் உண்டு. கிரான்குளம், மகிளூர், எருவில், காரைதீவு, தம்பிலுவில் என்று கிழக்குக் கரை நெடுகிலும் இருக்கும் கண்ணகி கோயில்களில் ஒன்று அது. 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. ஓலைக் கூரை ஓடாகி, ஓடு சீமெந்தாகிய கோயில்கள் இங்கே பல. பொருளை மட்டும் பார்த்தால் தாத்தாமார் கும்பிட்ட கட்டடம் அநேகமாக எதுவும் இல்லை. இருந்தும், இது வேறு கோயில் என்று ஒருவரும் சொல்வதில்லை. வைகாசியில் கதவு திறக்கிறது, கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது, திருக்குளிர்த்தியோடு சடங்கு நிறைகிறது. எந்தக் குடிக்கு எந்தக் கடமை, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், பூசை செய்யும் கப்புகனார் யார் என்ற ஒழுங்கு தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்படுகிறது. ஆகம முறைக் கோயில்களிலும் இதே ஒழுங்கைக் காணலாம். திருப்பணிக்கு முன் பாலஸ்தாபனம் செய்து திருவருளைக் கும்பத்துக்கும் சிறு மூர்த்தத்துக்கும் எழுந்தருளச் செய்வார்கள்; வேலை முடிந்ததும் கும்பாபிஷேகம். இதில் என்னைக் கவர்வது அதன் வெளிப்படைத் தன்மை. எது இடிக்கப்பட்டது, எது புதிதாகக் கட்டப்பட்டது, எந்த மண்டபம் யார் உபயம், எந்த நாள், எந்த நட்சத்திரம் என்று எல்லாம் ஊரறிய நடக்கும். கும்பாபிஷேக மலர் அச்சிட்டு அதில் எழுதியும் வைப்பார்கள். புதிய கோபுரத்தைப் பழையது என்று காட்டும் எண்ணம் ஒருவருக்கும் வருவதில்லை. புதிது என்று சொல்வதே அதைப் பழைய கோயிலின் கோபுரம் ஆக்குகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. வரலாறு மட்டும் போதுமென்றால் பொருளுக்கு மதிப்பே இல்லையா? அந்த நாளில் அங்கே இருந்த அதே இரும்பைத் தொட வேண்டும் என்ற ஆசை வெறும் மயக்கமா? மயக்கம் அல்ல. 2014 பெப்ரவரி 12 அதிகாலை, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் போலிங் கிரீன் நகரிலுள்ள தேசிய கொர்வெட் அருங்காட்சியகத்தில் நிலம் உள்வாங்கியது. சுண்ணாம்புக் கல் கரைந்து குகைகளாகக் கிடக்கும் நிலம் அது. கட்டடத்தில் அந்நேரம் ஆட்கள் இல்லை. காட்சிக்கு நின்ற எட்டுக் கொர்வெட்டுகள் குழிக்குள் விழுந்தன. மூன்று மட்டும் மீட்டெடுத்துத் திருத்தப்பட்டன: 1962ஆம் ஆண்டின் கறுப்புக் கார், 1992இல் செய்யப்பட்ட பத்து இலட்சமாவது கொர்வெட், 2009ஆம் ஆண்டின் நீலக் கார். மற்ற ஐந்தும் நசுங்கிய நிலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்த ஐந்தில் ஒன்று பதினைந்து இலட்சமாவது கொர்வெட். பத்து இலட்சமாவது எழுந்து நிற்கிறது, பதினைந்து இலட்சமாவது நொறுங்கிக் கிடக்கிறது. இரண்டு முடிவுகளும் சரியென்றே எனக்குப் படுகிறது. நொறுங்கிய காரை அப்படியே வைத்தவர்கள், சேதமும் அந்தக் காருக்கு நேர்ந்த வரலாறு என்று கண்டார்கள். திருத்தியவர்கள் செய்த ஒரு காரியம் இன்னும் முக்கியமானது. பத்து இலட்சமாவது காரைப் பிரித்தபோது, 1992இல் அதைப் பூட்டிய தொழிலாளர்கள் உள்பாகங்களில் தங்கள் பெயர்களை எழுதிக் கையொப்பமிட்டிருந்தது தெரிந்தது. புதிய உறுப்புப் போடுவது இலகுவாக இருந்த இடங்களிலும் அந்தக் கையொப்பங்களைக் காக்கப் பாடுபட்டார்கள். அந்தத் தகட்டுக்கு மதிப்பு வந்தது அது பழைய தகடு என்பதால் மட்டுமல்ல, ஒரு மனிதர் கைவைத்ததற்குச் சாட்சியாக அது இருந்ததால். பொருளை நான் குறைத்து மதிக்கவில்லை. பொருள் ஒரு சாட்சி, அதுவும் பொய் சொல்லத் தெரியாத சாட்சி. எங்கே, எப்போது, யாரோடு என்ற விபரம் அறுந்துபோன பழைய இரும்போ வாயற்றுப்போன சாட்சி. அது நிறுக்கப்படும், கேட்கப்படாது.

அப்படியானால் எந்த நாளுக்குத் திரும்புவது என்பதும் சிக்கலாகிறது. 1974இல் தொடங்கிய கொர்வெட் புதுப்பிப்போர் சங்கம் ஒரு காரை மதிப்பிடும்போது, தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்று பார்க்கிறது. ஒழுங்கான அளவுகோல்தான். ஆனால் அந்த நாளை மீட்கும்போது அதற்குப் பின் வந்த அறுபது ஆண்டுகள் துடைக்கப்படுகின்றன. இது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை இலங்கைத் தமிழர் ஒரு காரின் இலக்கத் தகட்டைப் பார்த்தே உணர முடியும். 1957 தொடக்கம் இந்நாட்டில் புதிதாகப் பதிந்த வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. தமிழ் ஸ்ரீ எழுதிய தகடுகளோடு கார்கள் ஓடின, தாரும் தூரிகையும் அரசியலாயின. 1958இன் கலவரத்துக்கு முந்திய மாதங்களின் கொதிப்பில் அந்த எழுத்துக்கும் பங்குண்டு. இன்று கொழும்பிலோ கிழக்கிலோ அந்தக் காலத்துக் காரொன்றைப் புதுப்பிப்பவர் அதன் பழைய தகட்டையும் பளபளப்பாக எழுதிப் பூட்டுவார். பூட்டத்தான் வேண்டும் என்பேன். அந்த எழுத்து அந்தக் காரின் பதிவு, அதை அகற்றுவது ஒரு பொய். ஆனால் அந்த எழுத்துச் சும்மா அழகுக்கு வந்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், இரும்பை மீட்டு நினைவை விட்டவர் ஆவார். தகட்டின் பளபளப்பு மட்டும் மிஞ்சினால், அது 1950களின் கார் அல்ல, 1950களைப் பற்றிய ஒரு இனிய கற்பனை.

இந்த நாட்டுக் கராஜ்களுக்கும் இங்கே ஓரிடம் உண்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களிலிருந்து 1977வரை கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 2020 மார்ச்சில் தொடங்கிய தடை 2025வரை நீண்டது. பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் உயிர்வாழ்ந்தது லேத்தில் கடைந்த உறுப்புகளால், தகரம் தட்டிச் செய்த கதவுகளால். அமெரிக்கச் சங்கத்தின் அளவுகோலில் இவை தோற்றுப்போகும். என் அளவுகோலில் தோற்காது. உறுப்பு மாறியது இங்கே மோசடியால் அல்ல, தேவையால். அயலெல்லாம் அறியவே மாறியது.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவர் ஹொப்ஸ் இன்னொரு முடிச்சுப் போட்டார். கிரேக்கப் பழங்கதை நாயகன் தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக, கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? நூலில் படிக்கும்போது கற்பனையாகத் தோன்றும் இது கார்ச் சந்தையில் நிஜமாகவே நடக்கும். ஒருவரிடம் மூல செசி, இன்னொருவரிடம் மூல எஞ்சின். இருவரும் ஒரே காரை உரிமை கோருவர். இது தீராத புதிர் என்று பலர் நினைக்கிறார்கள். புதிரின் கூர்மை, இருவரும் தமதே முழுக் கார் என்று சொல்வதில்தான் இருக்கிறது. என்னிடம் எஞ்சின் இருக்கிறது, செசி அவரிடம் என்று இருவரும் உள்ளதை உள்ளபடி சொன்னால், பெயரை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்கு மிஞ்சலாம். ஏமாற்றப்பட்டவர் எவரும் மிஞ்சமாட்டார். கொர்வெட்டின் எஞ்சின் கட்டையில் வண்டியின் தொடர் இலக்கம் அடிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் விலை ஏறும். அதற்காகவே, வேறு எஞ்சினின் இலக்கத்தை அராவி அழித்துப் பொருத்தமான இலக்கத்தைப் புதிதாக அடிப்பவர்கள் உண்டு. இவர்கள் மாற்றியது ஒரு சில எழுத்துகளை மட்டுமே. உறுப்புக் கணக்கில் எதுவுமே குறையவில்லை. ஆனால் அந்தக் கார் அழிந்தது அங்கேதான். துருவால் அழியாததை அந்த அராவல் அழித்துவிட்டது.

சொல்லப்படும் வரலாறுதான் எல்லாம் என்றால், திறமையான பொய்யன் ஒருவன் புதுக் காரைப் பழைய காராக்கிவிட மாட்டானா என்று கேட்கலாம். நான் சொன்னது நம்பப்படும் வரலாறு அல்ல, நடந்த வரலாறு. இந்த வேறுபாட்டை ஒரு விற்பனையின் வழியே எங்கள் இலக்கியம் முன்பே காட்டியிருக்கிறது. கோவலன் மதுரைக்குப் போனது ஒரு பழைய அணியை விற்க. பொற்கொல்லன் அதை அரசியின் சிலம்பு என்றான். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. பாண்டியன் நம்பினான். நம்பிக்கை உண்மையை உண்டாக்குமானால் அன்றோடு அது அரசியின் சிலம்பாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கண்ணகி தன் மற்றச் சிலம்பைக் கொண்டுவந்து, உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்றாள், அரசியுடையதில் முத்து. கோவலனிடமிருந்து பறித்த சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. இங்கே பொருளும் வாக்கும் ஒன்றையொன்று சோதித்தன: உள்ளே இருப்பதை முன்கூட்டியே சொன்ன வாக்கு, அதை மெய்ப்பித்த பரல். ஆண்டுதோறும் வழக்குரை படிக்கப்படும் இந்தக் கரையில், பொருளின் அடையாளம் பற்றிய பொய் எத்தனை உயிரைக் குடிக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கோயிலையும் கண்ணகியையும் விலைப்பண்டத்தோடு ஒப்பிடுவது தகுமா என்ற மனக்குறை சிலருக்கு வரலாம். காரில் தெய்வம் எழுந்தருளவில்லை என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் வாய்மை புனிதமான பொருள்களுக்கு மட்டும் உரிய கடமை என்று எங்கள் அற நூல்கள் சொல்லவில்லை. திருக்குறள் வணிகத்தைப் பேசுவது நடுவுநிலைமை அதிகாரத்தில், பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணச் சொல்லி. உறுப்புகளை எல்லாம் பட்டியலிட்டு இது புதிது, இது வேறு வண்டியினது என்று சொன்னால் விலை விழுமே என்பது நடைமுறைக்காரரின் மறுப்பு. விழும், விழத்தான் வேண்டும், ஏனெனில் அந்த வித்தியாசம் விற்பவருக்கு உரியது அல்ல. பெயரளவில் மட்டுமே தேர் உண்டு என்ற நாகசேனர் வழியில் போனாலும் இதே இடத்துக்குத்தான் வருவோம்: பெயர் மனிதரின் உடன்பாட்டில் நிற்குமானால், உடன்பட்டவரிடம் மறைத்துப் பெயரை விற்பது அந்தப் பெயரையே இல்லாமற் செய்கிறது.

வாங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு. பாண்டியன் பொய் சொல்லவில்லை, கேட்காமல் விட்டான். காப்பியம் அவனையும் குற்றவாளி ஆக்கியது, அவனும் அதை ஏற்று உயிர்விட்டான். பதிவுப் புத்தகத்தில் முன்னைய உடைமையாளர் வரிசையைப் பார்க்க வேண்டும். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் நேரில் ஒப்பிட வேண்டும். கழற்றிய நிலையில் எடுத்த படங்களையும் திருத்தியவரின் பற்றுச்சீட்டுகளையும் கேட்டுப் பெற வேண்டும். பளபளப்பு மட்டும் போதுமென்று அவற்றைக் கேட்காமல் வாங்குபவர், வேறொருவரின் நினைவைக் காக்கும் பொறுப்பைக் கையேற்காமலே அதன் பெயரை மட்டும் தனதாக்கிக்கொள்கிறார். அடுத்த தடவை அந்தக் காரை விற்க வரும்போது, அவரிடம் சொல்வதற்கு எதுவும் இருக்காது.